மடல்களை வழியனுப்பிய செல்லக்கிளி அம்மையாருக்கு

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அம்மையீர்!

திரும்பி வந்த மின்னஞ்சல்களுக்குத் திசை காட்டியவரே! குப்பைப் பெட்டியில் குடியேறிய கடிதங்களைக் குறித்த இடம் கொண்டு சேர்த்தவரே! சர்வர் அறையின் குளிரிலும் சிரிப்பு உறையாதவரே! நெய்வேலி வேங்கைமலர் மகளிர் தொழிற்பயிற்சி நிலையத்தில் தட்டச்சராக நுழைந்து, முப்பத்துநான்கு ஆண்டுகள் உழைத்து, கணினிப் பிரிவின் பொறுப்பாளராக இன்று விடைபெறுகிறீர்கள்.

எங்களிடம் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. மெயில் அனுப்பிய கையோடு போன் செய்து, "வந்துச்சா?" என்று கேட்போம். வந்தது என்றாலும் நம்பாமல், அச்செடுத்து டவுன்ஷிப் பஸ்ஸில் ஆள் அனுப்புவோம். எங்களைக் கேலி செய்தே அந்த வழக்கத்தை ஒழித்தீர்கள்.

இம்மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஆகவே, எல்லோரும் அறிந்த அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி, யாரும் அறியாத ஒன்றைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மே மாதம். நம் மாணவியர் இருபத்தாறு பேரின் பட்டியல் நான்கு மணிக்குள் சென்னை ஆலை ஒன்றைச் சேர வேண்டும். தவறினால் அவர்களுக்கு வேலை இல்லை. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. நிலையத்தின் மெயில் முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்போம் என்றார்கள் ஆலையினர்.

நீங்கள் டொமைன் பதிவுகளைத் திறந்து பார்த்தீர்கள். நம் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை உண்டு என்று வெளியுலகுக்குச் சொல்லும் பதிவு, அங்கே இரண்டாக இருந்தது. ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. முந்தின நாள் சர்வர் மாற்றியபோது புதியதை எழுதியவள் நான். பழையதை அழிக்க மனம் வராமல் விட்டவளும் நான்தான். வேறு பிளாக்குக்குக் குடிமாறிய பிறகும் பழைய குவார்ட்டர்ஸ் சாவியைக் கொஞ்ச நாள் கைப்பையில் வைத்திருப்போமே, அந்தப் புத்தி.

நீங்கள் பழையதை நீக்கினீர்கள். அது வெளியே தெரிய ஒரு மணி நேரமாவது ஆகும் என்றீர்கள். அதுவரை, உங்கள் ஊரான காடாம்புலியூரின் பலாவைப் பிரித்து எல்லோருக்கும் சுளை தந்தீர்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நிலைய முதல்வர் வந்து, யார் செய்த வேலை இது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீங்கள் சொன்னீர்கள்: "செத்த நேரத்துல மெயில் போயிடும் சார். சுளை எடுத்துக்குங்க."

மூன்று பத்துக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. பிறகு என்னிடம், "யாரு செஞ்சாங்கன்னு சர்வரே கேக்கல மேரி, நீ ஏன் அதையே நெனச்சிக்கினு இருக்கே?" என்றீர்கள்.

நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். உங்களை எல்லோரும் பாராட்டியபோது நானும் கைதட்டினேன். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியும் அந்தக் கைதட்டலில் இருந்தது. அன்று வேலை பெற்ற வளையமாதேவிக் கண்ணகி, விடுப்பெடுத்துச் சென்னையிலிருந்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் முன்பும் முதல்வர் முன்பும் சொல்லிவிட்டேன். இனி எனக்குப் பலாச்சுளை இறங்கும்.

இன்று மாலை ஐந்து மணிக்கு உங்கள் அலுவலக மெயில் முகவரியை நீக்க வேண்டும். அந்த வேலையை மேரிக்கே கொடுங்கள் என்று நீங்களே கேட்டீர்களாம். எதற்கென்று புரிந்தது. மணி அடித்ததும் நீக்கிவிடுவேன். சாவி எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பலாவும் முந்திரியும் காய்த்துக் குலுங்கும் காடாம்புலியூரில், நோயறியா உடலும் நிறைவான மனமுமாக நூறாண்டு வாழ்க! இனி உங்கள் சொந்த முகவரிக்கு மெயில் போடுவோம். போட்ட கையோடு போனும் செய்து "வந்துச்சா?" என்று கேட்போம். நீங்கள் ஒழித்த அந்த ஒரு வழக்கத்தை, உங்களுக்காக மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

என்றும் உங்கள்
வேங்கைமலர் நிலையப் பணியாளர்கள்
எழுதி வாசித்தவர்: மேரிசெல்வி, கணினிப் பிரிவு