பதினான்கு பேருக்கான குழி

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து. தூரத்தில் ஒரு 'தொம்'.

அது எறிகணை கிளம்பும் சத்தம். அதன் பிறகு எண்ண வேண்டும். பதினொன்றுக்குள் விழும். எங்கள் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். நான் கோயில் கிணற்றடியில் நிற்கிறேன். கையில் வாளி. உள்ளே செபமாலை நடக்கிறது. நான் ஆறு வரை எண்ணிவிட்டேன்.

"ஷெல்! ஷெல்! விழுந்து படுங்கோ!"

படுத்தேன். முகம் சேற்றில். முதலாவது கடலில் விழுந்தது. இரண்டாவது பனைகளுக்குள். மூன்றாவது கோயில் கூரையில். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

ஆறு பதினேழுக்கு ஓய்ந்தது. ஏழு நிமிடம். எழுந்து ஓடுகிறேன். கோயில் வாசலில் என் அண்ணன் நிற்கிறார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். இடது காதிலிருந்து இரத்தம் வடிகிறது.

"உள்ளுக்கை போகாதை, சலோமி!"

போனேன். என் கணவர் அருளப்பன் மகளின் மேல் கவிழ்ந்து கிடந்தார். மகளை அவர் முழுதாகத்தான் மூடியிருந்தார். பயன் இல்லை.

இதை நான் விருத்தாசலத்திலிருந்து எழுதுகிறேன். அகதி முகாமில் பத்துக்குப் பத்து அறை. இங்கே கோயிலில் அண்ணனுக்காக ஒரு சின்ன நினைவு மலர் அச்சிடுகிறார்கள். சமாதானத்துக்காக வாழ்ந்தவர், நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நாலு வரியில் எனக்கு அடங்காது. எனக்கு வாயும் நீளம், கோபமும் நீளம். எங்கள் ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் பெயர் சவரிமுத்து. பதினாறு வயதில் குருவானவராகப் படிக்கக் குருமடத்துக்குப் போனார். மூன்றாம் வருடம் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. திரும்பி வந்து வலை இழுத்தார். அங்கியைத்தான் விட்டார், மற்ற எதையும் விடவில்லை. நாலு மணிக்கு எழும்பிச் செபம். வெள்ளிக்கிழமை வெறும் கஞ்சி. கல்யாணம் இல்லை. பிறகு பிரதேச சபைக்கு நின்று வென்றார். இரண்டு தடவை. மற்ற உறுப்பினர்கள் சொந்தக்காரருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்கள். இவர் சைக்கிளில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு இரண்டு தரப்பின் காவலரண்களுக்கும் போய் வந்தார். பிடிபட்ட பையன்களை மீட்டு வந்தார். பிணங்களைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு தரப்பு துரோகி என்றது. மற்றது உளவாளி என்றது.

"ரெண்டு பேரும் ஏசினால் நான் நடுவிலைதான் நிக்கிறன்" என்று சிரிப்பார்.

2006. சண்டை திரும்ப வந்தது. அண்ணன் ஒன்பது தடவை போனார். கடைசியில் ஒரு தாளோடு வந்தார். இரண்டு தரப்பின் கையெழுத்தும் இருந்தது. கோயிலையும் அதைச் சுற்றியுள்ள வளவையும் சுடமாட்டோம். நிபந்தனை ஒன்று. உள்ளே ஆயுதமும் இருக்கக் கூடாது, அரணும் இருக்கக் கூடாது. ஊரே கோயிலுக்குள் வந்தது. அறுபத்து மூன்று பேர். அண்ணன் அந்தத் தாளைப் பீடத்தில் வைத்து முழங்காலில் நின்று அழுதார். நாங்களும் அழுதோம். சந்தோஷத்தில்தான்.

திங்கள் பின்னேரம் அருளப்பன் கோயிலுக்குப் பின்னால் பதுங்குகுழி வெட்டத் தொடங்கினார். அவர் யாரையும் நம்பாத மனிதர். முழங்கால் ஆழம் போயிருக்கும். அண்ணன் ஓடி வந்தார்.

"வெட்டாதையும், அருளப்பன். இது அரண் எண்டு சொல்லுவாங்கள். கேட்டு வாங்கின சொல்லை நாங்களே முறிக்கலாமோ?"

அருளப்பன் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்தார்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கியது நான். "அண்ணை சொன்னால் சரிதான், விடுங்கோ" என்றேன். அவர் விட்டார். மண்வெட்டியை நானே சுவரில் சாத்தினேன். அது திங்கள். மறுநாள் செவ்வாய்.

படகில் நானும் அண்ணனும். அப்புறம் மண்டபம் முகாம். அப்புறம் விருத்தாசலம். அண்ணனுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவரோடு மட்டும். சோறு வைப்பேன், துணி துவைப்பேன், ஒரு சொல் பேச மாட்டேன். ஒரே அறை. நடுவில் ஒரு சேலைத் திரை.

செராமிக் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை கிடைத்தது. எனக்குப் பீங்கான் பொம்மை. அச்சிலிருந்து எடுத்ததும் விளிம்பில் நிற்கும் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அண்ணனுக்கு மண் மூட்டை தூக்கும் வேலை. பிரதேச சபை உறுப்பினர் தலையில் துண்டு கட்டி மூட்டை தூக்கினார். கேட்டவர்களுக்கு மீன்பிடித் தொழில் என்றுதான் சொன்னார்.

என் பக்கத்தில் கருவேப்பிலங்குறிச்சி இந்திராணி. நாள் முழுக்கப் பேச்சு. ஒருநாள் கேட்டாள்.

"ஏங்க்கா, உங்க அண்ணன் முகாமுக்குப் பின்னால குழி வெட்டிக்கிட்டு இருக்குறாராமே? கக்கூஸுக்கா?"

எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தேன். முகாமின் கடைசி வரிசை, வேலிக்குப் பக்கம். அண்ணன் வெட்டிக்கொண்டிருக்கிறார். இடுப்பு ஆழம். பக்கங்களைச் செதுக்கி நேராக்கியிருக்கிறார். இறங்குவதற்குப் படி வைத்திருக்கிறார். பார்த்ததும் தெரிந்தது. கக்கூஸ் இல்லை. பதுங்குகுழி. விருத்தாசலத்தில். ஒரு சத்தமும் இல்லாத ஊரில்.

அன்றும் நான் பேசவில்லை. இப்போது வெட்டுகிறாயா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அகதி முகாமில் குழி என்றால் சும்மா விடுவார்களா. ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். பகல் பதினொன்று. எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள்.

"என்னத்தப் பொதைக்கப் போறீங்க? உண்மையச் சொல்லுங்க!"

"ஒண்டையும் புதைக்கிறதுக்கில்லை, ஐயா. ஆக்கள் இருக்கிறதுக்கு. பதினாலு பேருக்கு இடம் காணும்."

அதிகாரிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கோயிலில் போனவர்கள் பதினான்கு பேர்.

அன்று கம்பெனி லீவு. இந்திராணி எனக்குச் சோறு கொண்டு முகாமுக்கு வந்திருந்தாள். வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"சார், அது குப்பைக்குழி சார். நாங்கதான் வெட்டச் சொன்னோம். அந்த மனுசன் கோயில் கோயில்னு கிடக்குறவரு. அவரப் போயி சந்தேகப்படுறீங்களே."

பொய்தான். அவள் சொன்ன விதத்தில் அதிகாரியே சிரித்துவிட்டார். மூடச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அன்றே மூடினார். ஒவ்வொரு கூடையாக. ஊரில் இரண்டு படைகளுக்கு நடுவில் நிமிர்ந்து நடந்தவர், அன்று ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மாலை ஆறரைக்கு மண் சமமானது. அதற்குப் பிறகு அவர் வெட்டவில்லை. சாப்பாடும் குறைந்தது.

எனக்கு இரக்கம் வரவில்லையா? வந்தது. ஆனால் அவரிடம் ஒரு சொல் பேசினால் அடுத்த சொல் மண்வெட்டியைப் பற்றித்தான் வரும். அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நீயும்தானே என்று கேட்டதில்லை. முழுப் பழியையும் தானே சுமந்தார். நானும் அவர் தலையிலேயே விட்டுவைத்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. கர்த்தரே, அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவோம். முன்னும் பின்னுமாக. இங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர் நடைபாதை ஓரத்தில் நிற்பார். கேட்கிற காது என் பக்கம் வரும்படி. நற்கருணைக்கு முன்னால் குருவானவர் சொல்வார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று. எல்லோரும் திரும்பிக் கைகூப்புவார்கள். அண்ணன் என் பக்கம் திரும்புவார். கைகூப்புவார்.

"சமாதானம், சலோமி."

சொல்லிவிட்டு உடனே திரும்ப மாட்டார். தலையைச் சாய்த்துக் கொஞ்சம் காத்திருப்பார். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். பிறகு அவர் பீடத்தின் பக்கம் திரும்புவார்.

வியாழக்கிழமை. 2008. பகல் பன்னிரண்டு நாற்பது. நான் பொம்மை துடைத்துக்கொண்டிருக்கிறேன். மண் கிடங்கில் 'தொப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. மூட்டை விழுந்தது என்று நினைத்தேன்.

"அக்கா, ஓடியாங்க! உங்க அண்ணன் வுழுந்துட்டாரு!"

ஓடினேன். மூட்டையில் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. முகமெல்லாம் வெள்ளை மண். நான் குனிந்து சொன்னேன். சமாதானம், அண்ணை. மூன்று தடவை சொன்னேன். நான் குனிந்தது அவருடைய இடது காதுப் பக்கம். அவசரத்தில் பார்க்கவில்லை. மற்றப் பக்கம் போவதற்குள் முடிந்துவிட்டது.

மலருக்கு நாலு வரி கேட்டார்கள். என்னிடம் உள்ளது கணக்குத்தான்.

கோயிலில் பதினான்கு பேர். அதில் என் கணவர் அருளப்பன், முப்பத்தொன்பது வயது. என் மகள் மெற்றில்டா, ஒன்பது வயது. ஒரு வீடு. ஒரு வள்ளம். விருத்தாசலத்தில் என் அண்ணன் சவரிமுத்து, ஐம்பத்தெட்டு வயது. எண்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். எண்பத்திரண்டிலும் அவர் எனக்குச் சமாதானம் சொன்னார். நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.