ஃபைலின் உச்சியில் ஒரு பெயர்

கொய்யாத்துண்டில் தூவிய மிளகாய்ப்பொடி வாசனையில் என் கல்லூரிக்கால ரயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. தாம்பரத்தில் கிளம்பிய மின்ரயிலில், எதிர் சீட்டில் லேப்டாப்போடு இரண்டு பெண்கள்.

“அந்த ஆளோட பேரை அழிச்சுட்டேன்டி நஸ்ரின்.”

“எந்த ஆளு ஷெரின்?”

“வர்ற பஸ்ஸோட நம்பரை கேமராவுல பார்த்துச் சொல்ற நம்ம ஆப்ல, ஒருத்தர் இலவசமா குடுத்த புரோகிராம் கோடைச் சேர்த்தேன்ல? அவரு பேரு. ஃபைல் உச்சியில நீளமா கெடந்துச்சு, சுத்தம் பண்ணிட்டேன்.”

“லூசு! எடுத்துக்கோ, மாத்திக்கோ, என் பேரையும், இதை எப்படிப் பயன்படுத்தலாம்னு சொல்ற லைசென்ஸையும் மட்டும் விட்டு வைன்னுதானே அவரு கேட்டாரு?”

“ஐயோ, அப்போ இன்னிக்கு ரிலீஸ் இல்லையா? கண்ணு தெரியாத என் தம்பி ஆசையா காத்துக்கிட்டு இருக்கான்டி. நம்ம லைசென்ஸ் வேற கறாரு. நம்ம ஆப்பை மாத்தி வெளியிடுறவங்க, அவங்க கோடையும் எல்லாருக்கும் குடுத்தாகணும். அவரு லைசென்ஸும் நம்மளதும் ஒண்ணா சேருமா?”

“தாராளமா சேரும். மொத்த ஆப்பும் நம்ம லைசென்ஸ்ல போகும். அவரு பேரும் லைசென்ஸும் இருக்கிற வரிங்க அப்படியே இருக்கணும், அவ்ளோதான்.”

ஷெரின் லேப்டாப்பில் தட்டினாள். முகம் தெரியாத அவர் பெயர் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

“போயிடுச்சுடி! ரிலீஸ் ஆயிடுச்சு!”

எனக்கே கைதட்டத் தோன்றியது. குரோம்பேட்டையில் இறங்கிய நஸ்ரின் ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

“நாளைக்கு உன் தம்பிக்காக பஸ்ஸை நீ நிறுத்தாதே, அவனே கை காட்டட்டும்!”