லாயிட் கட்டின சுரங்கம்

பெங்களூர் வைட்ஃபீல்ட்ல எங்க ஆபீஸ் காபி மெஷின் பத்தி புகார் எழுதின ஒரே ஆள் நான்தான். மத்தவங்க குடிச்சிட்டு மூஞ்சிய சுளிச்சுக்குவாங்க, அவ்ளோதான். தப்புன்னா எழுதிடணும், அது என் சுபாவம்.

பக்கத்து சீட்டு லாயிட், தினம் கோலார் தங்கவயல்லேர்ந்து ரயில்ல வர்றவன். சின்ன வயசுல அவன் ஆடின ஒரு சுரங்க வீடியோ கேம்; வித்த கம்பெனியே மறந்துடுச்சு. அத ஆறு வருஷமா புதுசா செஞ்சிட்டிருந்தான், ஊருக்கெல்லாம் ஓசில குடுக்க. கூட நாங்க அஞ்சு பேரு. பெரிய தியாகிங்க கூட்டம்.

"பழைய கேம்லேர்ந்து ஒரு ஃபைலும் எடுக்கக்கூடாது மச்சி. படம், பாட்டு எல்லாம் நாமளே செய்யணும். அப்பதான் கம்பெனி கண்டுக்காம விடும்"னு லாயிட் பாடம் எடுப்பான்.

வெளியிடறதுக்கு முன்னாடி, கேம் செஞ்சவங்க பேர் பட்டியல் போட்டான். ரெண்டு வருஷம் கோட் எழுதின ரகுராம், அதாவது நான், 'நன்றி'ல இருக்கேன், டீக்கடை கிருஷ்ணப்பாவுக்குக் கீழ. கேட்டதும், "சாரி மச்சி"ன்னு சிரிச்சிட்டு மேல ஏத்தினான். கேட்டு வாங்கற நிலைமை. இதுக்காகச் செஞ்சேன்னு மட்டும் நினைக்காதீங்க.

கடைசியா எல்லாத்தையும் சேத்துக் கட்டி நெட்ல ஏத்தறது என் வேலை. அதுல பழைய கேமோட பாட்டு ரெண்ட வச்சேன். அப்புறம் பேர் போடாம கம்பெனி வக்கீலுக்கு மெயில் போட்டேன், எங்க தேடணும்னு தெளிவா.

நாலே நாள்ல லாயிட் பேருக்கு நோட்டீஸ். இருக்கற காப்பி அத்தனையும் அழிக்கணும். நோட்டீஸ் விஷயம் தெரிஞ்சு ஆபீஸ்லயும் அவன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. அந்தப் பாட்ட தானே கவனமில்லாம விட்டுட்டதா நம்பி, எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்பு கேட்டான். லூசு.

பயத்துல அன்னிக்கே நெட்ல இருந்தது உட்பட எல்லாத்தையும் அழிச்சிட்டான், மத்த நாலு பேரும் அழிச்சிட்டாங்க. மறுநாள்தான் உறைச்சிருக்கு. கேம்ல வர்ற லிஃப்ட்காரருக்குக் குரல் குடுத்தது அவங்கப்பா மதலைமுத்து, தங்கச் சுரங்கத்துல வேலை பாத்தவரு. போன வருஷம் செத்துட்டாரு. அவர் பேசினதுன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்.

"ரகு, உன் லேப்டாப்புல அப்பா வாய்ஸ் மட்டுமாவது இருக்கா பாருடா"ன்னு போன்லயே அழுதான்.

இருந்தது. ஒரு தடவ கேட்டேன். "மேல வா கண்ணு, இன்னிக்கி இது போதும்"னு சொல்லிட்டு லேசா இருமறாரு. நோட்டீஸ்ல எல்லா காப்பியும்னுதான போட்டிருக்கு. லாயிட் லைன்லயே காத்திருந்தான்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. அதனால மொதல்ல அழிச்சேன். அப்புறந்தான் "இல்லடா"ன்னு சொன்னேன்.