டென்ட் துணி எங்க பங்கு, கம்பி அவங்க பங்கு

...சரசரன்னு! அந்தப் பிளாஸ்டிக் பையை உருட்ட ஆரம்பிச்சாங்கன்னா நிறுத்தவே மாட்டாங்கம்மா. பொழுது விடிஞ்சிருக்காது. பறவைங்களே ஒண்ணு ரெண்டுதான் தொண்டையைச் செருமிட்டிருக்கும். இவங்க பைக்குள்ள ஒரு பை, அதுக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள சீப்பு. சீப்பை எதுக்கு இத்தனை பைக்குள்ள வைக்கணும்? கேட்டா, "நனைஞ்சிடும்"ங்கறாங்க. சீப்பு நனைஞ்சா என்ன, அதுக்குச் சளியா பிடிக்கப்போகுது?

நீ ஏம்மா நிக்கறே, உக்காரு. உன் பை என் மடியில இருக்கு, அதை விட்டுட்டு எங்கே போயிடப்போறே? இந்தத் தோள்பட்டை வார் நல்லாவே கிழிஞ்சிருக்கு. சும்மா ரெண்டு இழை போட்டுக் குடுத்தா அடுத்த ஏத்தத்துலயே பிச்சுக்கும். நான் டெய்லர்மா. அரைகுறையா தைச்சுக் குடுத்தா எனக்குத் தூக்கம் வராது. சும்மாவே வர்றதில்லை, அது வேற கதை. அந்தக் குறட்டை இருக்கே... டென்ட்டுன்னா எவ்வளவு இடம்? ரெண்டு பேரும் ஒரே பக்கமா திரும்பிப் படுத்தாத்தான் ஆச்சு. அவங்க திரும்பினா நானும் திரும்பணும். குறட்டை வேற என் காதுக்குள்ளயே. கேட்டா, "நான் குறட்டை விடறதில்லை, மூச்சு விடறேன்"ங்கறாங்க. மூச்சுன்னா அப்படியா இருக்கும்? எங்க கடையில ஒரு பழைய மெஷின் இருக்கு, எண்ணெய் வத்திப்போனா அது அப்படித்தான் மூச்சு விடும்.

யாரைச் சொல்றேன்னு தெரியுதில்ல? நேத்து சாயங்காலம் நாங்க வந்தப்போ பாத்திருப்பியே... வெள்ளைத் தொப்பி, ஒல்லியா, முட்டி வரைக்கும் சேறு... ஆங், அவங்கதான். என் சம்பந்தி. என் பையனுக்குப் பொண்ணு குடுத்தவங்க. இந்த மலைப்பாதையில வாரக்கணக்கா நடக்கறவங்க எல்லாருக்கும் ஒரு பட்டப்பேரு வெச்சிடறாங்கல்ல, எங்களுக்கு என்ன பேரு தெரியுமா? 'மாமியார் கூட்டணி'! கூட்டணியாம். நாலு எட்டு நான் பின்தங்கினா திரும்பிப் பாக்காதவங்களோட என்ன கூட்டணி?

ஆயுசுல பாதி ஆஸ்பத்திரியில வார்டு சிஸ்டரா இருந்தவங்கம்மா. ரிட்டயர் ஆயிட்டாங்க. ஆனா வார்டை விடல. இப்போ அந்த வார்டுல ஒரே ஒரு பேஷன்ட்டு, அது நான். தண்ணி குடிச்சீங்களா, உப்புப் பொடி கலந்தீங்களா, கம்பை எதுக்கு இடது கையில பிடிக்கறீங்க... முந்தாநாள் தங்கின கொட்டகையில பத்துப் பன்னெண்டு பேரு சுத்தி உக்காந்து காபி குடிச்சிட்டிருக்காங்க. இவங்க உள்ளே நுழைஞ்சதும் சத்தமா, "சம்பந்தி, காலையில வயிறு சுத்தமா போச்சா?" எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரு தாடிக்காரர் டம்ளரைக் கீழே வெச்சிட்டு என்னையே பாக்கறாரு, பதில் என்ன வரப்போகுதுன்னு.

சிரிக்காதேம்மா.

சாயங்காலம் ஆனா போதும், "காலைக் காட்டுங்க." டார்ச்சை அடிச்சு விரல் விரலா பிரிச்சுப் பாப்பாங்க. கொப்புளம் ஏதாவது கிடைச்சா முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாரு! கட்டிக் குடுத்த பொண்ணு ஊருக்கு வந்தாக்கூட அவ்வளவு சந்தோஷம் வராது... சரி, அது கிடக்கட்டும்.

நடக்கறதுலயும் அப்படித்தான். அவங்க முன்னாலயே போயிடுவாங்க. ஏதாவது ஒரு வளைவுல, நல்ல நிழலாப் பாத்து உக்காந்து, காலை நீட்டி, பருப்பும் திராட்சையும் கொறிச்சிட்டு எனக்காகக் காத்திருப்பாங்க. நான் நாக்குத் தள்ள அங்கே போய்ச் சேந்ததும் எழுந்து நிப்பாங்க. "வந்துட்டீங்களா? சரி, போலாம்." போலாமாவது! உக்காந்தவங்க நீங்க, மூச்சு வாங்கறவ நான்! இந்தப் பாதை தொடங்கின இடத்துலேருந்து இங்கே வரைக்கும் இதே கதைதான்.

பின்னே ஏன் வந்தீங்கன்னு கேக்கறியா? கேக்கலையா? முகத்தைப் பாத்தாத் தெரியுதே.

இது எங்க நடையே இல்லம்மா. பிள்ளைங்களோட நடை. நிச்சயம் பண்ணின நாள்லேருந்தே ரெண்டும் இதே பேச்சு. இந்தப் பாதையை ஒரு முனையிலேருந்து மறுமுனை வரைக்கும் நடந்து முடிக்கணுமாம். பிறந்தநாள் வந்தா ஒரு சாமான், கல்யாணநாள் வந்தா ஒரு சாமான். டென்ட்டு, அடுப்பு, தண்ணி வடிகட்டற குழாய், இறகு மாதிரி ஒரு ஸ்லீப்பிங் பேக். வருஷா வருஷம் சாமான் சேந்துச்சு, லீவுதான் சேரல. அப்புறம் அதுங்களுக்குள்ளயே சேரல.

சண்டைகூடப் போடலம்மா! போட்டிருந்தா நாங்க நடுவுல புகுந்து ஏதாவது பண்ணியிருப்போம். மருமக பக்கம்தான் நியாயம்னு நான் கத்தியிருப்பேன், மாப்பிள்ளை பக்கம்தான் நியாயம்னு அவங்க கத்தியிருப்பாங்க, எப்படியோ போயிருக்கும். இதுங்க ஆபீஸ் மீட்டிங் மாதிரி உக்காந்து பேசி, முடிவெடுத்து, எங்களுக்குத் தகவல் சொல்லுச்சுங்க. சாமானையும் சமமா பிரிச்சுக்கிச்சுங்களாம். எப்படித் தெரியுமா? டென்ட்டோட துணி எங்க பையனுக்கு. டென்ட்டோட கம்பி அவளுக்கு. அடுப்பு இங்கே, பாத்திரம் அங்கே. ரெண்டும் படிச்சதுங்க!

பையன் அந்தத் துணியைக் கொண்டாந்து என் கடை மூலையில போட்டுட்டுப் போனான். "பை ஏதாவது தைக்கறதுன்னா தைச்சுக்கோம்மா"ங்கறான். கத்தரிக்கோலை எடுத்தேன், எடுத்துட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அன்னைக்குத்தான் சம்பந்தி போன் பண்ணாங்க. விஷயம் தெரிஞ்சதுக்கு அப்புறம் பேசற முதல் பேச்சு அதுதான். என்ன சொல்லுவாங்களோன்னு கத்தரிக்கோலைக் கீழே வெச்சிட்டேன். அவங்க சொல்றாங்க, "சம்பந்தி, வீட்டுல கொஞ்சம் கம்பி கிடக்கு, பழைய இரும்புக்காரனுக்குப் போடட்டுமா?"

"போடாதீங்க. துணி என்கிட்டதான் இருக்கு"ன்னேன்.

மறுநாளே கம்பியைத் தூக்கிட்டுக் கடைக்கு வந்துட்டாங்க. ரெண்டு மெஷினுக்கு நடுவுல நிறுத்திப் பாத்தோம். நின்னுச்சு! சும்மா பாக்கலாமேன்னு உள்ளே போய் உக்காந்தோம். வெளியில ஒரு அம்மா அளவு குடுக்க வந்தவங்க குனிஞ்சு எட்டிப் பாத்தாங்க. நாங்க ரெண்டு பேரும் முட்டியைக் கட்டிக்கிட்டு உள்ளே உக்காந்திருக்கோம். "நான் அப்புறமா வரேங்க"ன்னு போயிட்டாங்க. அப்புறம் வரவேயில்லை. அப்போதான் சம்பந்தி கேட்டாங்க, "போலாமா?"ன்னு. எங்கேன்னு நான் கேக்கலம்மா. எப்போன்னு கேட்டேன்.

என் தப்புதான். எங்கேன்னு கேட்டிருக்கணும்.

இரு, இந்த இடத்துல ரெட்டைத் தையல் போட்டாத்தான் நிக்கும். பல்லு இடுக்குல விடற நூல்மா இது. சாதா நூல் அறுந்துடும், இது அறாது. பல்லை அப்புறம் பாத்துக்கலாம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். இவ்வளவு தூரம் நடந்திருக்கோம், பேசாத பேச்சில்லை. யாருக்கு ஓட்ஸ் கெட்டியா வேணும், யாரு சாக்ஸ் நாறுதுன்னு எல்லாத்துக்கும் சண்டை போட்டாச்சு. அந்த ஒரு விஷயத்தைப் பத்தி மட்டும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. வழியில யாராவது, "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"ன்னு கேட்டா, நான் யோசிக்கறதுக்குள்ள அவங்க முந்திக்கிட்டு, "சம்பந்திங்க"ம்பாங்க. நாங்க கிளம்பறதுக்கு முந்தின வாரமே கோர்ட்டுல முடிஞ்சுபோச்சும்மா. அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவங்க அப்படித்தான் சொல்றாங்க. நான் திருத்தறதில்லை. வார்டு சிஸ்டரைத் திருத்த முடியுமா?

நேத்து பாரு, வழி தப்பிப்போச்சு. எல்லாம் அவங்களாலதான். பாதை ரெண்டா பிரியுது. முன்னால போறவங்க பலகையைப் பாக்க வேண்டாமா? நேரா இடது பக்கம் இறங்கிட்டோம். அரைநாள் நடை வீண். கடைசியில பாத்தா சதுப்பு! நான் எப்படியோ ஓரமா தப்பிச்சிட்டேன். அவங்க முட்டி வரைக்கும் உள்ளே போயிட்டாங்க. இழுத்து வெளியில எடுக்கறதுக்குள்ள முட்டி பிசகிப்போச்சு. இன்னைக்கு முட்டி மேல எலுமிச்சம்பழத்தை வெச்ச மாதிரி வீங்கியிருக்கு. எனக்குன்னா டார்ச்சு அடிச்சுப் பாப்பாங்க. தனக்குன்னா, "ஒண்ணுமில்லை, நடந்தா சரியாயிடும்."

என்ன? பலகை இல்லையான்னா கேக்கறே? இருந்துச்சு.

பாக்கத்தான் பாத்தேன். பின்னால வந்தவதானே நான். அவங்க அந்தப் பக்கம் ஷூ லேஸைக் கட்டிட்டிருந்தாங்க. எனக்கு முதுகு வலி. பையை எங்கேயாவது சாய்ச்சு வைக்கணுமில்ல? பலகை மேல சாய்ச்சு வெச்சேன். பை பெரிசு, பலகை சின்னது. அவங்க எழுந்து, "எந்தப் பக்கம் சம்பந்தி?"ன்னாங்க. "இடது பக்கம்தான்"னேன்.

என்னை அப்படிப் பாக்காதேம்மா. சதுப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் சுத்திட்டு வரும்னு நினைச்சேன். அவ்வளவுதான். இன்னும் நாலஞ்சு நாள்ல பாதை முடிஞ்சிடும். அங்கே ஒரு கல் தூண் இருக்காம், எல்லாரும் அதைத் தொட்டு போட்டோ எடுத்துக்குவாங்களாம். எடுத்ததும் அவங்க பஸ் ஒரு பக்கம், என் பஸ் ஒரு பக்கம். அதுக்கப்புறம் நான் எந்த முகத்தோட போன் பண்றது? என்ன சொல்லி? கம்பி வேணும்னா? சொல்லு, நாளைக்கு ரோட்டுல பாத்தா அவங்களை நான் என்னன்னு கூப்பிடறது? அவங்க பேரைச் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லம்மா. வாயில வராது.

நல்லா இருக்கு நான் பண்ணின வேலை! நாலு நாள் கூடுதலா இருக்கலாம்னு பாத்தேன், இருந்த நாலு நாளும் போச்சு. இப்போ கொட்டகைக்காரர்கிட்ட கீழே ஊருக்குப் போற வேன் வருதான்னு கேக்கப் போயிருக்காங்க. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு வேற என்ன பண்ணுவாங்க? வேன் வந்தா ஏறிடுவாங்க. அவங்க ஏறினா நானும் ஏறணும். தூணாவது, போட்டோவாவது...

என்னம்மா, ஏன் பையை இழுக்கறே? இன்னும் முடிச்சுப் போடல. என்ன அவசரம்? வேனா? எந்த வேன்?

...ஓ. அடுப்படிக்குப் பின்னால நிக்குதே, அதுவா. நீ அதுலதான் போறியா? முதல்லயே சொல்றதுக்கென்ன... சொன்னியா? எப்போ சொன்னே? வந்ததும் சொன்னியா? நான் பேச்சு வாக்குல கவனிக்கலம்மா. டிரைவர் கண்ணாடி எல்லாம் துடைச்சு வெச்சிருக்காரே. எடமும் நிறைய இருக்கும் போல. பாரு, முன்சீட்டு காலியாத்தான் இருக்கு. முட்டி வலிக்காரங்க வசதியா நீட்டி உக்காந்துக்கலாம்.

சரி. இந்தா, முடிச்சாச்சு. இனிமே பை கிழிஞ்சாலும் வார் கிழியாது.

அதோ வராங்க பாரு. எப்படி நொண்டறாங்க... கம்பை ஊனி வரலாமில்ல, ஊன மாட்டாங்க, கௌரவம். அந்த வேனை உரசிக்கிட்டுத்தான் வராங்க. சரி, நான் போய் என் மூட்டையைக் கட்டறேன்.

வாங்க சம்பந்தி. என்ன சொன்னாரு? ...ம்? ...இல்லையாமா?

இந்த வாரம் பூரா வேனே கிடையாதாமா?

...ஆமா. ஆமாமா. நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். இந்தப் பொண்ணுகூட இப்பத்தான் சொல்லிட்டிருந்தா, இல்லையாம்மா? ...தலையை ஆட்டேன்மா! ...ஆங். பாத்தீங்களா, அவளும் எந்த வேனும் வர்ற மாதிரி இல்லைங்கறா. அப்போ என்ன பண்றது சம்பந்தி? வீக்கம் வடியற வரைக்கும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா நடக்கலாம். என்ன பண்ணித் தொலைக்கறது, எல்லாம் என் தலையெழுத்து.

நீ கிளம்பும்மா, ஓடு, உனக்கு நேரமாச்சு. ...என்னம்மா? ஹாரன் சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே சம்பந்தி. உங்களுக்கு? ...உங்களுக்கும் கேக்கலையா? அதானே. அந்தப் பக்கம் பாக்காதீங்க, வெயில் கண்ணுல அடிக்கும். இப்படி என் பக்கம் திரும்பி உக்காருங்க.