எலுமிச்சம்பழத்தைத் திருப்பிக் கொடுத்த நாய்

லாப்ரடார் நாய்க்குப் பந்தை எடுத்துவரச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அது பிறவியிலேயே எடுத்துவரும். எடுத்துவந்ததைக் கொடுக்கத்தான் மாட்டேன் என்னும். பலராமன் சார், நம் நகர் சங்கத் தலைவர் என்ற முறையில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். காபி ஆறிப்போகும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எதிர்வீட்டு டஃபியை நாளைக் காலை செங்கம் பக்கம் ஏதோ மாந்தோப்பில் கொண்டுபோய் விடப்போகிறார்களாம். அதன் உடம்பில் என்னவோ புகுந்துவிட்டது என்று அடி அண்ணாமலையில் குறி சொல்கிறவர் ஒருவர் சொல்லிவிட்டாராம். டஃபியின் உடம்பில் புகுந்ததெல்லாம் நான் போட்ட டீக்கடைப் பொறைதான். நான் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். தப்பு செய்தவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவளை முட்டிபோட வைக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

அர்ஜுனனும் பாஞ்சாலையும் எதிரே வீடு கட்டிக் குடிவந்தபோது இந்தத் தெருவிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். கலெக்டர் ஆபீஸ் வேலை, பெங்களூரில் சம்பாதிக்கிற மகன், வாசல்படி முழுக்கக் கறுப்பு கிரானைட். என் வீட்டுப் படி சிமென்ட். எனக்கு அதுவே போதும், வழுக்காது. அடிக்கடி போய் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவேன். "கிரைண்டர் சத்தமே போடலியே பாஞ்சாலை, குடுத்து வச்சவ நீ" என்றேன் ஒருநாள். மறுநாள் அது புகைந்துவிட்டது. வோல்டேஜ் கோளாறு. முல்லைக்கொடி மாடி வரைக்கும் ஏறிவிட்டதே என்றேன். அந்த வாரமே காய்ந்தது. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு முல்லை என்ன செய்யும், பாவம்.

நாய்க்குட்டியை வாங்கியது மகன் எழில். வாங்கி விட்டுவிட்டு அவன் பெங்களூர் போய்விட்டான். பந்தை வாயில் கவ்விக்கொண்டு டஃபி சோபாவைச் சுற்ற, அர்ஜுனன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓட, தினமும் சாயங்காலம் அங்கே ஒரே கூத்து. "டீச்சர், அத்தினி பொண்ணுங்கள மேய்ச்சவங்க நீங்க. இதுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்று பாஞ்சாலைதான் கேட்டாள். நானாகப் போகவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துரத்தக் கூடாது, அதுதான் முதல் பாடம். துரத்தினால் அது விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். முதுகைக் காட்டி நடந்தால் தானாகப் பின்னால் வரும். பொறையை மூக்குக்கு நேரே நீட்டினால் வாயைத் திறக்கும். திறக்கிற நொடியில் "குடு" என்று சொல்லிப் பந்தை வாங்கிவிட்டு, உடனே மறுபடி எறிய வேண்டும். கொடுத்தால் நஷ்டமில்லை என்று அதற்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். டஃபிக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். பாடம் முடித்து வந்தவள், விசிலை அங்கேயே மறந்துவிட்டதால் திரும்பிப் போனேன். கூடத்தில் அர்ஜுனனை உட்கார வைத்து, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் பாஞ்சாலை சுற்றிக்கொண்டிருந்தாள். "நாயி கண்ணு, நரி கண்ணு, எதுத்த வூட்டுக் கண்ணு, எல்லாம் போவட்டும்" என்றாள். நம் வேங்கிக்காலில் நரி கிடையாது. நாய் அவர்களுடையது. எதிர்வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். அப்புறம் கவனித்தேன், நான் போய்வருகிற நாளில் மட்டும்தான் பழம் சுற்றுகிறாள். அழுகை வந்தது சார். சொல்ல எனக்கென்ன வெட்கம், அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

சுற்றிய பழத்தை முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டும். உங்களுக்குத் தெரியாததா. பாஞ்சாலை பயபக்தியுள்ளவள், கழுத்தைக் கூட அசைக்க மாட்டாள். அவள் பின்னால் டஃபி வாலை ஆட்டிக்கொண்டு போவது அவளுக்கு எப்படித் தெரியும்?

முதலில் பந்தில் கொஞ்சம் எலுமிச்சைத் தோலைத் தேய்த்தேன். டஃபி தும்மியது. நாய்களுக்கு அந்த வாசனை பிடிக்காது, பொறுமை வேண்டும். பிறகு முழுப் பழம். பிறகு குங்குமம் வைத்த பழம். "குடு" என்பதை மாற்றி "வை" என்று பழக்கினேன். முதலில் என் வீட்டு மிதியடியில் வைத்துப் பழகியது, அப்புறம், அவர்கள் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, அவர்கள் வாசல்படியில். அவர்கள் பொருளை அவர்களிடமேதானே கொடுக்கச் சொன்னேன்?

முதல் தடவை பாஞ்சாலை போட்ட கூச்சல் உங்கள் வீடு வரை கேட்டிருக்கும். காலைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் கிரானைட் படியில் அதே பழம், அதே குங்குமம். அடுத்த வாரம் இன்னும் பெரிய பழம். அதுவும் வந்துவிட்டது. அர்ஜுனன் கையில் கறுப்புக் கயிறு ஏறியது. அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். டஃபி அதிலும் ஒரு பெரிய துண்டைக் கவ்வி வந்து படியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. சத்தியமாக அதை நான் சொல்லித்தரவில்லை. நல்ல மாணவி பாடத்துக்கு வெளியிலும் யோசிப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்குப் பாஞ்சாலை என்னிடம்தான் ஓடிவந்தாள். "போட்டது திரும்பி வருது டீச்சர். எனக்குப் பயமா கீது" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். பாவமாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். கடைப் பழத்தில் சக்தி இருக்காதுடி, என் மரத்துப் பழத்தால் சுற்று என்று ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்து அனுப்பினேன். டஃபிக்கும் என் மரத்துப் பழத்தின் வாசனைதான் பழக்கம், தேட வேண்டிய சிரமமில்லை.

பெங்களூரிலிருந்து எழில் வந்து வாசலில் கேமரா மாட்டினான். அதில் நாய் மாட்டிக்கொண்டது. நான் தெரியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நேற்று அர்ஜுனன் சங்கிலியை எடுத்தபோது, விளையாடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து டஃபி பந்தைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை சார். திட்டம் போட்டது, பழக்கியது, பழம் கொடுத்தது, எல்லாம் இந்த ஹைமவதிதான். நாய் சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான்.

இப்போதே போன் போட்டுச் சொன்னீர்களே, ரொம்ப நன்றி. நாய் இங்கேயே இருக்கட்டும் என்று அர்ஜுனன் சொன்னது என் காதிலும் விழுந்தது. இப்போதுதான் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

"இனிமே அந்த வூட்டுப் பக்கமே போவாதீங்க டீச்சர்" என்கிறீர்கள். நியாயம்தான். நான் ஏன் போகிறேன்? எனக்கென்ன பொறாமையா, ஆற்றாமையா? ஆண்டவன் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நேற்று அவர்கள் வீட்டில் ஊஞ்சல் வேறு வந்து இறங்கியிருக்கிறது, தேக்கு, பித்தளைச் சங்கிலி, நன்றாக ஆடட்டும். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாலே எனக்கு இங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிகிறது.