சுத்தமான அட்டை

“ஜனவரி மாசத்துல எந்தப் பைத்தியக்காரனாவது இந்த வண்டிய வெளிய எடுப்பானாய்யா? ரோடு பூரா பனி கரையறதுக்கு உப்பு கொட்டிக் கிடக்கு, கண்ணு தெரியலையா ஒனக்கு?”

“வண்டின்னா ஓடத்தானே எமில் செய்யும்? போர்வை போத்தி வெச்சுக் கும்புடவா வாங்கினேன்?”

“அடியில குனிஞ்சு பாருய்யா. ரெண்டு வருஷத்துல உப்பு அரிச்சுத் தின்னுடும்.”

“ரெண்டு வருஷத்துல என்னையுந்தான் ஏதாவது தின்னுடும். நகரு, லொரெட்டாவுக்குக் குளிருது.”

அப்படிச் சொன்னவன் எதிர்வீட்டு கஸ். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். அவன் பக்கத்து இருக்கையில், மடியில் டோனட் பெட்டியோடு உட்கார்ந்திருந்த லொரெட்டா என் மனைவி. அவள் என்னைப் பார்க்கவில்லை, டோனட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நான் குரலை உயர்த்தியது உண்மை. பக்கத்து வீட்டு பெர்னீஸ் உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள் மேடம். மீதிப் பாதி நான் அவளுக்குச் சொன்னது. அதற்குப் பிறகு நான் குரலை உயர்த்தவே இல்லை. இப்போதும் இல்லை. காபியில் பால் வேண்டுமானால் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் வண்டியின் முன்பக்க வலது டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. அதைப் பார்த்துவிடுங்கள்.

கோபமா என்று கேட்டீர்கள். ஆமாம். ஆனால் முறையாகச் சொல்வதென்றால் முதல் வண்டியிலிருந்துதான் வரவேண்டும்.

எனக்குப் பதினேழு வயதில் வந்தது மாமாவின் நாலு கதவுக் கறுப்பு வண்டி. கால் வைக்கிற இடத்தில் ஓட்டை. போகிற வேகத்தை அந்த ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அடுத்தது ராணுவத்திலிருந்து திரும்பியதும் வாங்கிய நீல ஃபோர்டு பிக்கப். அதற்கடுத்த மஞ்சள் இரண்டு கதவில்தான் லொரெட்டாவைத் தேவாலயத்திலிருந்து கூட்டிவந்தேன். பின்பக்கத்தில் டப்பா கட்டிவிட்ட அவள் தம்பியை இன்றுவரை மன்னிக்கவில்லை, பெயிண்ட் கீறிவிட்டது. பிறகு ஸ்டேஷன் வேகன்கள், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. அவையெல்லாம் லொரெட்டா ஓட்டியவை. மளிகை, சலவை, அவள் அம்மாவின் மூட்டுவலி, எல்லாம் வேகனில் போய்வந்தன. மொத்தம் பதினொரு வண்டிகள். பத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உங்களுக்கு வேண்டியது மீதி ஒன்று.

அறுபத்து நான்காம் வருடத்து வண்டி, துணிக்கூரை, பிஸ்தா நிறம், உள்ளே வெள்ளை இருக்கை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. தவறு கம்பெனியுடையது அல்ல. இறந்துபோன ஒரு பல் டாக்டரின் கராஜிலிருந்து எண்பத்தொன்றில் எடுத்தேன். ஏழாவது திருமண நாள். முன்பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, பத்திரத்தை லொரெட்டாவின் பெயரிலேயே எழுதி, கையில் கொடுத்தேன். அவள் அழுதாள். தெருவே பார்த்தது.

சாவி என்னிடம் இருந்தது.

ஓட்டவிட்டேனா என்று கேட்கிறீர்கள். மேடம், அது அப்படிப்பட்ட வண்டி இல்லை. அக்டோபர் கடைசியில் கராஜில் போட்டால் ஈஸ்டருக்குப் பிறகுதான் வெளியே வரும். கிளட்ச் சற்று இறுக்கம். இந்த ஊர் மேடு பள்ளம் உங்களுக்கே தெரியும். அவள் கேட்டதுண்டு. முதல் சில வருடங்கள் மே மாதத்தில் கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைப்போம். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்தால் சரியாக இருக்கும். எங்கே என்ன சொட்டியிருக்கிறது என்று காலையில் அதில் தெரியும். கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் கியர் பெட்டி. பச்சை, ரேடியேட்டர் தண்ணீர். சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறமில்லாமல், வழவழவென்று இருந்தால் அது பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது. அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் குழாய் ஒரே வழிதான். ஒன்றில் ஒழுகினால் நான்கும் போச்சு.

நான் ஒரு தெருவின் கதையையே இப்படிப் படிப்பவன். பதினான்காம் எண் வீட்டில் கார் கிடையாது, ஆனால் வாசலில் செவ்வாய்தோறும் புதிதாகக் கறுப்புச் சொட்டு இருக்கும். குழாய் ரிப்பேர்காரனின் வேன் அது. எந்தக் குழாய் வாராவாரம் கெட்டுப்போகிறது? நான் எதுவும் சொல்லவில்லை. பெர்னீஸிடம் மட்டும் சொன்னேன்.

லொரெட்டாவுக்கு முட்டி நன்றாக இருந்தது, எனக்கு இல்லை. அதனால் காலையில் குனிந்து பார்ப்பது அவள் வேலை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “எமில், அட்டை சுத்தம்,” என்று குரல் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் நான் சாவியை எடுப்பேன். முப்பத்தேழு வருடம். ஒரு நாளும் அவள் பார்வை தப்பியதில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், நவம்பரில் எனக்கு இதயத்தில் அறுவை. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்து கராஜைத் திறந்தேன். அட்டை மட்டும் கிடந்தது.

“எங்கடி வண்டி?”

“கஸ்ஸுக்குக் குடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டுக் குடுத்த?”

“பத்திரத்துல யார் பேரு இருக்குன்னு பாரு எமில்,” என்றாள். சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள், அடுப்பைக்கூட அணைக்கவில்லை.

கஸ் என்ன செய்தான் தெரியுமா? உப்பில் ஓட்டினான். நாயை வெள்ளை இருக்கையில் ஏற்றினான். டேஷ்போர்டில் நாலு ஓட்டை போட்டு, காபி டம்ளர் வைக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். ஐம்பத்தைந்து வருடம் எந்தக் கையும் ஓட்டை போடாத டேஷ்போர்டு. பிப்ரவரியில் அவளை ஓட்டவும் விட்டான். வெறிச்சோடிய பேரங்காடி மைதானத்தில் இருவரும் வட்டம் வட்டமாகச் சுற்றினார்கள் என்று தவக்கால வெள்ளிக்கிழமை, சர்ச் ஹாலில் மீன் வறுவல் வரிசையில் நிற்கும்போது பெர்னீஸ் சொன்னாள். “அவ சிரிச்ச சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுதாம் எமில். எனக்கென்ன, கேட்டவங்க சொன்னாங்க.”

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை லொரெட்டா இரண்டு பெட்டியோடு எதிர்வீட்டுக்குப் போனாள். முப்பத்தெட்டு அடி தூரம். அவள் போனது எனக்குப் பெரிய விஷயமில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். எழுபது வயதில் இதென்ன கூத்து என்று தெருவே சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன்.

என்னால் தாங்க முடியாதது வேறொன்று. போன மறுநாள் காலை நான் தாழ்வாரத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வாசலில் அவள் வண்டிக்கு அடியில் குனிகிறாள். டிவி வந்த பெட்டியைப் பிரித்து விரித்திருக்கிறாள். டார்ச் அடிக்கிறாள். நிமிர்ந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்.

“கஸ், அட்டை சுத்தம்.”

“எந்த அட்டை?” என்றான் அந்த மடையன். “நான் அதக் குப்பைன்னு நெனச்சேன்.”

வண்டியை அவள் கொடுத்தாள், சரி, அவள் பெயரில் இருந்தது. அந்த அட்டை என்னுடையது மேடம். அந்த வழக்கத்தை இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போக அவளுக்கு எந்தப் பத்திரமும் கிடையாது.

மே மாதம், வியாழக்கிழமை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், காலை ஆறு மணிக்கு நடப்பேன். கஸ்ஸின் வாசல் கூரைக்கு அடியில் நின்ற வண்டிக்குக் கீழே அட்டையின் ஓரம் தெரிந்தது. பின்பக்க இடது சக்கரத்துக்கு உள்ளே, காசு அளவுக்கு ஒரு ஈரம். நிறமில்லை. விரலில் தொட்டுப் பார்த்தேன், வழவழப்பு. அவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அன்றும் வெள்ளியும் மழை, வண்டி நகரவில்லை, அவளும் குனிந்து பார்க்க வரவில்லை. வெள்ளி மாலை கஸ் நண்பனின் டிரக்கில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த ஈரம் உள்ளங்கை அளவு ஆகியிருந்தது.

நான் வீட்டுக்குத் திரும்பி, கராஜில் சாத்தி வைத்திருந்த என் அட்டையை எடுத்துவந்தேன். அவளுடையதை உருவிவிட்டு என்னுடையதை அதே கோணத்தில் தள்ளினேன். சக்கரத்தில் வடிந்ததைத் துணியால் துடைத்தேன். அரைமணி நேரத்துக்குச் சுத்தமாக இருந்தால் போதும். நான் எதையும் அறுக்கவில்லை, எதையும் கழற்றவில்லை. பழைய ரப்பர் தானாக ஒழுகியது. அதைத்தான் உங்கள் மெக்கானிக்கும் எழுதியிருக்கிறார்.

ஆறே முக்காலுக்கு லொரெட்டா வந்து குனிந்தாள். சனிக்கிழமை ஏழு மணிக்கு மலையடிவாரத்து சலூனில் அவளுக்குத் தலைமுடி சுருட்டுவார்கள். இருபது வருடமாக அதே நாற்காலி. வீட்டுக்குள் யாரும் இல்லை. இருந்தும், பழக்கம் பாருங்கள், “அட்டை சுத்தம்,” என்று சொன்னாள். என் தாழ்வாரம் வரை கேட்டது.

முதல் இரண்டு மூன்று மிதிக்கு பிரேக் பிடிக்கும். வாசலில் ஒன்று, பெர்னீஸ் வீட்டு முனையில் ஒன்று. அதற்குப் பிறகு இறக்கம்தான். டேஷ்போர்டுக்கு அடியில் இழுக்கிற கைபிரேக் ஒன்று உண்டு. அது அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. நான் காட்டியதில்லை. கீழே பஸ் நிறுத்தத்தில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை விட்டு ஒடித்து, பழைய ஆலையின் கல் சுவரில் கொண்டுபோய் விட்டாள். ஆறு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. ஓட்டத் தெரிந்தவள்தான். அதை நான் அவளிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

பழைய வண்டி, பாவம், விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். கல்லறையில் கஸ் என் தோளில் சாய்ந்து அழுதான். தட்டிக்கொடுத்தேன்.

என் அட்டையின் பின்புறம், கடைக்காரன் ஒட்டிய சீட்டில் என் பெயரும் வீட்டு எண்ணும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கஸ் வீட்டைக் காலி செய்யும்போது அதைப் பார்த்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறான். வாழ்நாள் முழுக்க முகவரி படித்தவன். கடைசியில் ஒன்றைச் சரியான இடத்தில் சேர்த்துவிட்டான்.

கஸ்ஸைக் கொல்ல நினைத்து தவறிப்போய் அவள் மாட்டிக்கொண்டாளா என்று கேட்டீர்கள். வக்கீலும் அப்படித்தான் சொல்லச் சொல்கிறார். அது நன்றாக இருக்குமாம். ஆனால் நான் பொய் சொல்லிப் பழகாதவன். கஸ் ஏரியில் இருந்தான் என்று தெருவுக்கே தெரியும். தவிர, அவன் அந்த அட்டையைக் குப்பை என்று நினைத்தவன். அழுக்கோ சுத்தமோ, அவனுக்கு ஒன்றுதான். அதைக் குனிந்து படிக்கத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான். அவளுக்காகத்தான் மாற்றினேன்.

எழுதிவிட்டீர்களா? நல்லது. கடைசியாக ஒன்று, இதுவும் பதிவில் இருக்கட்டும்.

பெர்னீஸ் மகனோடு கிளீவ்லாந்துக்குப் போய்விட்டாள். பதினான்காம் எண்காரி குழாய் ரிப்பேர்காரனையே கட்டிக்கொண்டாள். நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கஸ் போன மாதம் ஓஹையோவில் ஒரு பள்ளி நூலகக்காரியைத் திருமணம் செய்துகொண்டான். மேசை நிறையப் பன்னிரண்டு வகை குக்கீயாம், அக்கார்டியனாம், ஆட்டமாம். லொரெட்டா போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை மேடம். இரண்டு வருடம். அப்படிப்பட்ட ஒரு பெண்ணை இவ்வளவு சீக்கிரம் மறக்க ஒருவனுக்கு எப்படி மனம் வருகிறது? கல்நெஞ்சக்காரன். இந்தத் தெருவில் அவளை உண்மையாக நேசித்தவன் நான் ஒருவன்தான்.