சிவசாமியின் அடியில்லாப் பெட்டி

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிவசாமியின் துணைவியார் அழகம்மாள் அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு அரிமளம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, வணக்கம்.

"அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா எங்க கூலியத் திருத்துறீங்க, டீச்சரம்மா. அரிசிக்காரன் எத்தனை வருசத்துக்கு ஒருக்கா வெலையத் திருத்துறான்?"

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்கச் சிவசாமி அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிப்பவள். கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் வந்தேன்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தது. முதலாளிகள் தரப்பில் சிலர், தொழிலாளர் தரப்பில் அதே அளவு ஆட்கள், இரண்டிலும் சேராத என்னைப் போன்ற சிலர் கூடி விசாரித்துப் பரிந்துரைப்பார்கள். அரசு கூலியை அறிவிக்கும். கேட்க எளிமையாக இருக்கிறது. கல் உடைப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்த சிவசாமிக்குத்தான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

முதல் குழுவில் அவர் இருந்தார். நான் இல்லை. ஒரு பெட்டி சல்லிக் கல் உடைத்தால் இவ்வளவு கூலி என்று எழுதினார்கள். அவரும் கையெழுத்திட்டார். பெட்டியின் நீள அகலம் என்ன? யாரும் எழுதவில்லை. பெட்டி என்றால் பெட்டிதானே! பிறந்ததிலிருந்து பார்த்த பெட்டியை எவன் அளந்து எழுதுவான்? கூலி உயர்ந்தது. அந்த மாதமே குவாரிகளுக்குப் புதுப்பெட்டிகள் வந்து இறங்கின. பழையதைவிடப் பெரிய பெட்டிகள்!

இங்கே இருக்கும், குவாரியில் கல் உடைக்கும் பொன்னுத்தாய் அவரை வழிமறித்துக் கேட்டாராம்.

"அண்ணே, நீங்க கையெழுத்துப் போட்ட பெட்டி மாசமா இருக்கு. வளைகாப்பு எப்ப?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவமானத்தை விழுங்கினார். ஆனால் மறக்கவில்லை. பழைய அளவிலேயே ஒரு பெட்டி செய்து வாங்கினார். தரையில் வைத்துச் சல்லியை நிரப்பியபின் மேலே தூக்கிவிடும் பெட்டி, அதனால் அடிப்பலகை கிடையாது. அழகம்மாளுக்கு அதன்மேல் ஒரே கோபம்.

"அடியில்லாத பெட்டிய வீட்டுல வச்சு என்னத்தப் போட்டு வைக்க? எடத்த அடைச்சுக்கிட்டு!"

நானும் இருந்த இரண்டாவது குழு திருச்சியில் கூடியபோது அந்தப் பெட்டி பஸ்ஸின் கூரையேறி வந்தது. அவர் இருமிக்கொண்டே அதை மேசைமேல் வைத்தார். முதலாளிகள் தரப்பில் வந்திருந்த திரு. முருகப்பன், இதோ மேடையில்தான் இருக்கிறார், எரிச்சலோடு கேட்டார்: "இது ஆபீசா, குவாரியாய்யா?"

"ஆபீசுதாங்க. அதனாலதான் இங்கிட்டுக் கொண்டாந்தேன். குவாரியில இந்தப் பெட்டி இல்லீங்களே."

நான் எழுந்து அந்தப் பெட்டியை அளந்தேன். முருகப்பன் அவர்களும் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். அந்த அளவு அரசின் கூலி ஆணையில் ஏறியிருக்கிறது. ஆணை நாளை முதல் அமலுக்கு வருகிறது. நாளை! அந்த ஒரு நாளைப் பார்க்க அவருக்கு மூச்சு மிஞ்சவில்லை. எத்தனை வருடக் கல்தூசி அந்த நெஞ்சில்! அதற்கு எந்தக் குழு கூலி நிர்ணயித்தது?

நண்பர்களே, அரசு ஆணைகளின்மேல் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. கெஜட்டில் அச்சாகிவிட்டதால் மட்டும் குவாரியில் பெட்டி சிறுத்துவிடாது. சிவசாமி இருந்திருந்தால் நாளைக் காலை அந்தப் பெட்டியோடு அங்கே நின்றிருப்பார். அவர் இல்லை. நாளை அதை யார் கொண்டுபோய் வைப்பது? அழகம்மாள் அவர்கள் பெட்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பொன்னுத்தாய் சுமக்கிறார். முதல் பஸ்ஸில் நானும் வருகிறேன். இதற்குமேல் பெரிய உறுதிமொழி சொல்ல எனக்குத் தெரியாது. போய் வாருங்கள் சிவசாமி அவர்களே, உங்கள் பெட்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

*

இந்த உரையைச் சங்கம் அச்சிடக் கேட்டது. மறுநாள் நடந்ததையும் எழுதுவதுதான் நியாயம்.

நாங்கள் போனபோது குவாரியில் பெரிய பெட்டிதான் கிடந்தது. பொன்னுத்தாய் பக்கத்தில் சிவசாமியின் பெட்டியை வைத்தார். மேஸ்திரி முகம் சுளித்தார்.

"செத்தவன் பெட்டியக் கொண்டாந்து தொழில் நடக்குற எடத்துல வைக்கிறீங்களே, வெளங்குமா?"

"ஒங்க பெட்டி பேறுகாலத்துக்குப் போகட்டும் மேஸ்திரி. அதுவரைக்கும் இது இருக்கட்டும்" என்றார் பொன்னுத்தாய்.

நான் ஆணையைப் படித்துக் காட்டினேன். ஆபீசிலிருந்து தனக்குத் தகவல் இல்லை என்றார் மேஸ்திரி. பெண்கள் பெரிய பெட்டியில் அளக்க விடவில்லை. உடைத்த சல்லியைக் குவித்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மேஸ்திரி பெரிய பெட்டியைக் காலால் ஒதுக்கினார். சிவசாமியின் பெட்டியில் அளந்தார்கள்.

மற்றக் குவாரிகளில் அன்று எதில் அளந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் பெட்டியை அங்கே விட்டுவர யாருக்கும் மனம் வரவில்லை. பொன்னுத்தாய் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.